ரைம்ஜோன் ரிவ்யூ: ரைமிங் வேர்ட்ஸ் தேட இதுதான் பெஸ்ட், ஆனா அதோட காது அமெரிக்கக் காது

ரெண்டாங்கிளாஸ் மூணாங்கிளாஸ் இங்கிலீஷ் ஒர்க்ஷீட்ல 'ரைமிங் வேர்ட்ஸ் எழுதுக'ன்னு ஒரு பகுதி கண்டிப்பா இருக்கும், அதுக்காக ராத்திரி உக்காந்து தேடற அப்பா அம்மாங்க, என்னை மாதிரி சாயங்காலம் ட்யூஷன் எடுக்கறவங்க, இங்கிலீஷ்ல பாட்டு கவிதைன்னு எழுதிப் பாக்கற காலேஜ் பசங்க எல்லாருக்கும் சேத்துதான் இதை எழுதறேன். நான் ரொம்ப காலமா யூஸ் பண்ற சைட்டு ரைம்ஜோன். ஃப்ரீ, லாகின் எதுவும் வேணாம், ஃபோன்லயே பிரவுசர்ல ஓடும். ஒரு வார்த்தைய டைப் பண்ணா அதோட ரைம் ஆகற, அதாவது கடைசி சத்தம் ஒத்துப்போற வார்த்தைங்க வரிசையா வரும், வந்ததுல எதைத் தொட்டாலும் அர்த்தம் காட்டும். தைரியமா சிபாரிசு பண்ணுவேன். ஆனா வர்ற லிஸ்ட்ட அப்படியே நோட்டுல காப்பி பண்ணக் கூடாது, வாய்விட்டுச் சொல்லிப் பாத்து, அர்த்தமும் பாத்துட்டுதான் பிள்ளைங்ககிட்ட குடுக்கணும். ஏன்னு சொல்றேன்.

நம்ம பிள்ளைங்க தமிழ்ல படிச்சுப் பழகினதால எழுத்தைப் பாத்துதான் ஜோடி சேப்பாங்க, அதுல தப்பும் இல்ல, தமிழ்ல எழுத்து ஒண்ணா இருந்தா சத்தமும் ஏறக்குறைய ஒண்ணாதான் இருக்கும். இங்கிலீஷ்ல அந்த நம்பிக்கை ஆகவே ஆகாது. லைட், கைட், ஹைட், பைட் இந்த நாலுக்கும் கடைசி சத்தம் ஒண்ணு, ஆனா ஸ்பெல்லிங் நாலும் நாலு விதம், லைட்ல ஐஜிஹெச்டி, பட்டத்தோட கைட்ல ஐடிஇ, உயரத்தோட ஹைட்ல இஐஜிஹெச்டி, கம்ப்யூட்டர் பைட்ல ஒய்டிஇ. இதுக்கு நேர் எதிரா இன்னொரு கூட்டம் இருக்கு, ஓயூஜிஹெச்ல முடியற வார்த்தைங்க. டஃப்னு ஒண்ணு, அது ஸ்டஃப்போட சேரும். த்ரூன்னு ஒண்ணு, அது ப்ளூவோட சேரும். தோன்னு ஒண்ணு, ஸ்னோவோட. இருமலுக்குச் சொல்ற காஃப், அது ஆஃப்போட. மரக்கிளைக்கு பவ்னு ஒரு வார்த்தை இருக்கு, அது பசுமாட்டு கவ்வோட சேரும். எழுத்து அஞ்சுலயும் ஒண்ணேதான், சத்தம் அஞ்சும் வேற வேற! எழுத்தைப் பாத்து ஜோடி போட்டா அஞ்சும் தப்பாப் போகும். லவ்வும் மூவும் அப்படித்தான், கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும் காதுக்கு இல்ல, லவ்வுக்கு டவ், க்ளவ், அபவ், ஷவ்தான் ஜோடி, அதாவது புறா, கையுறை, மேலே, பிடிச்சுத் தள்ளு. மூவுக்கு ப்ரூவ், க்ரூவ்.

இந்த இடத்துலதான் ரைம்ஜோன் ஜெயிக்குது, அது ஸ்பெல்லிங்கப் பாக்கறதே இல்ல. உள்ள இருக்கறது கார்னகி மெலன் யுனிவர்சிட்டி போட்ட உச்சரிப்பு அகராதி, 1,30,000 வார்த்தைக்கு மேல இருக்கு, ஒவ்வொரு வார்த்தையும் 39 ஒலிக்குறியீடுகள வச்சு சத்தமாப் பிரிச்சு எழுதியிருப்பாங்க, எந்த உயிரொலிய அழுத்திச் சொல்லணும்ங்கறதுக்கும் 0, 1, 2ன்னு நம்பர் போட்டிருப்பாங்க. அந்த அழுத்தம்தான் இங்க முக்கியம். ஒரு வார்த்தைல கடைசியா அழுத்திச் சொல்ற உயிரொலி எதுவோ, அதுலேர்ந்து முடிவு வரைக்கும் சத்தம் அப்படியே ஒண்ணா இருக்கணும், அதுக்கு முன்னாடி இருக்கற மெய்யொலி மாறணும், அப்பதான் அது முழு ரைம். பிகின்னும் வின்னும் ரைம், ஏன்னா பிகின்ல அழுத்தம் கடைசில விழுது. கேபின்னும் வின்னும் முழு ரைம் இல்ல, கேபின்ல அழுத்தம் முதல்லயே முடிஞ்சிருது. நம்ம பேச்சுல ரெண்டும் 'இன்'னு முடியற மாதிரிதான் கேக்கும், அதனால இந்த வித்தியாசம் நமக்குச் சட்டுனு பிடிபடாது, சைட்டு பிரிச்சுக் காட்டும்போதுதான் ஓஹோன்னு புரியும்.

ரிசல்ட் வர்ற விதமும் நல்லாருக்கு. ஒரு சிலபிள், ரெண்டு சிலபிள், மூணு சிலபிள்னு (சிலபிள்னா ஒரு உயிரொலியச் சுத்தி வர்ற சத்தத் துண்டு) பிரிச்சு அடுக்கி வச்சிருக்கும், அடிக்கடி புழங்கற வார்த்தை அழுத்தமான எழுத்துல தெரியும், அபூர்வமான வார்த்தை மங்கலாத் தெரியும். சின்ன கிளாஸ் பிள்ளைங்களுக்கு ஒரு சிலபிள் பகுதில அழுத்தமா இருக்கறதை மட்டும் பாத்தாப் போதும், கீழ இருக்கறதெல்லாம் அவங்களுக்கு இப்ப தேவையில்ல. இந்த சைட்டு 1996லேர்ந்து இருக்கு, நடத்தறது டேட்டாமியூஸ்ங்கறவங்க, ஒன்லுக்குங்கற அகராதித் தேடலும் அவங்களோடதுதான். உங்க வீட்ல கோடிங் தெரிஞ்சவங்க இருந்தா இன்னொரு விஷயம், அதே டேட்டாவ ஏபிஐயா வெளியில குடுக்கறாங்க, ஒரு நாளைக்கு 1,00,000 கேள்வி வரைக்கும் சாவி எதுவும் வாங்காம ஃப்ரீயாக் கேக்கலாம், பள்ளிக்கூடத்துக்கு ஒரு குட்டி ரைமிங் கேம் செஞ்சு குடுக்க அது தாராளம்.

இப்ப அர்த்தம். எனக்கு இதுலதான் ரொம்ப அக்கறை. கேட், பேட், மேட், ரேட், ஹேட்னு அஞ்சு எழுதிட்டா மார்க் கிடைச்சிரும், ஆனா அதுல பேட்னா கிரிக்கெட் மட்டையா வவ்வாலான்னு கேட்டா முழிக்கற பிள்ளைங்க எவ்ளோ பேர்! ரைமிங் சொல்லிக் குடுக்கறதே ஒரு சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டு பத்து வார்த்தை கத்துக்கத்தான், அர்த்தம் இல்லாம அது வெறும் கூச்சல். பட்டர்னு ஒரு தடவை ரைம்ஜோன்ல போட்டுப் பாருங்க, மட்டர், ஃப்ளட்டர், ஸ்டட்டர், ஸ்ப்ளட்டர், கட்டர், ஷட்டர், க்ளட்டர்னு ஒரு பெரிய குடும்பமே வரும். அர்த்தத்தோட சேத்துப் பாத்தா அதுல ஒரு அழகு இருக்கு. மட்டர்னா முணுமுணுன்னு பேசறது, ஃப்ளட்டர்னா இறக்கை படபடன்னு அடிக்கறது, ஸ்டட்டர்னா திக்கித் திக்கிப் பேசறது, ஸ்ப்ளட்டர்னா கோவத்துலயோ அதிர்ச்சிலயோ வார்த்தை சரியா வராம தடதடன்னு கொட்டறது. நாம இரட்டைக்கிளவில சொல்றதை அவங்க அந்த 'அட்டர்' சத்தத்துல வச்சிருக்காங்க. இதைச் சொல்லும்போது பிள்ளைங்க கையை இறக்கை மாதிரி அடிச்சுக்கிட்டு ஃப்ளட்டர் ஃப்ளட்டர்னு கத்துவாங்க, அப்பறம் ஜென்மத்துக்கும் மறக்காது. மிச்சம் இருக்கறதுல கட்டர்னா சாக்கடை, வெட்டற கட்டர் இல்ல, ஸ்பெல்லிங் 'ஜி'ல ஆரம்பிக்கும். க்ளட்டர்னா கண்டபடி இறைஞ்சு கிடக்கற சாமான். கடை ஷட்டர் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

ஒரு குறை, அர்த்தம் எல்லாம் இங்கிலீஷ்லதான் வரும், அதுவும் அகராதி இங்கிலீஷ், எட்டு வயசுப் பிள்ளைக்கு அது புரியாது. தமிழ் அர்த்தத்துக்கு நான் கேம்பிரிட்ஜ் அகராதியோட இங்கிலீஷ்-தமிழ் பகுதிக்குப் போவேன். ஒத்தை வார்த்தைய மொழிபெயர்ப்பு ஆப்ல போட்டு வர்ற முதல் அர்த்தத்தை எழுதிக்கறது ஆபத்து, பேட்டுக்கு மட்டை மட்டும் காட்டிட்டு வவ்வால விட்டுரலாம். இன்னும் மோசம், ஒரே ஸ்பெல்லிங்ல ரெண்டு உச்சரிப்பு இருக்கற வார்த்தைங்க. டபிள்யூஐஎன்டின்னு எழுதினா காத்துன்னா விண்ட், சுத்துன்னா வைண்ட், விண்ட்டுக்கு ஜோடி வேற, வைண்டுக்கு கைண்ட், மைண்ட், ஃபைண்ட்னு ஜோடி வேற. டிஇஏஆர் கண்ணீர்னா டியர், கிழின்னா டேர். அந்த எடத்துல எந்த அர்த்தம்னு முடிவு பண்ணாம ரைம் சொல்லவே முடியாது, எந்த சைட்டாலயும் முடியாது. ஹோமோஃபோன்ஸ்னு தனியா ஒரு தேடல் இருக்கு, ராத்திரி நைட்டும் குதிரை வீரன் நைட்டும் மாதிரி அச்சு அசலா ஒரே சத்தம் வர்றது அதுல கிடைக்கும், முன்னாடி இருக்கற மெய்யும் ஒண்ணா இருக்கறதால அதை ரைம் கணக்குல சேக்கறதில்ல, டீச்சர்ங்க சில பேர் இதை ரைமிங் வேர்டுனு டிக் போட்டுடறாங்க, கவனிச்சுக்கோங்க.

அடுத்தது தலைப்புல சொன்ன விஷயம். அந்த உச்சரிப்பு அகராதி முழுக்க அமெரிக்கப் பேச்சு. நாம பிரிட்டிஷ்காரங்ககிட்டேர்ந்து இங்கிலீஷ வாங்கினவங்க, அதனால சில எடத்துல இடிக்கும். ஆபீஸ் கிளார்க்க எடுத்துக்கோங்க, நம்ம வாய்ல அது பார்க், டார்க், மார்க்கோட அழகா சேரும், லண்டன்லயும் அப்படித்தான், அமெரிக்காவுல அது க்ளர்க், ஒர்க்கோட சேரும். பூ வைக்கற ஜாடிய நாம வாஸ்ங்கறோம், அவங்களுக்கு அது வேஸ், ஃபேஸோட சேரும். பீன்னு நாம இழுத்துச் சொல்ற பிஇஇஎன், அவங்க வாய்ல பின். ஏபிசிடி பாட்டே இதுக்கு நல்ல சாட்சி, 1835ல பாஸ்டன்ல காப்பிரைட் வாங்கின பாட்டு அது, கடைசி எழுத்தை ஸீன்னு முடிச்சாதான் ஜி, பி, வியோட ரைம் ஆகும், நம்ம பிள்ளைங்க இசட்னு முடிக்கும்போது அந்த வரில மட்டும் ராகம் இடறும். அதுக்காக பிரிட்டிஷ் உச்சரிப்ப அப்படியே பிடிச்சுக்கிட்டாலும் சரிப்படாது, அவங்க பல எடத்துல ஆர் சத்தத்தை விழுங்கிருவாங்க, பிடிச்சேன்ங்கற காட்டும் நீதிமன்ற கோர்ட்டும் அங்க ஒரே சத்தம், நாம கோர்ட்ல ஆர அழுத்தமா உருட்டுவோம். அதனால சந்தேகம் வந்தா கேம்பிரிட்ஜ் அகராதில பிரிட்டிஷ், அமெரிக்கன் ரெண்டு ஆடியோவும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு, கேட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. பிள்ளை கிளார்க்குக்கு பார்க்னு எழுதிட்டு வந்தா அது சரி, சைட்ல இல்லைன்னு அடிக்காதீங்க ப்ளீஸ்.

விளம்பரம் உண்டு, ஃப்ரீ சைட்டுன்னா அது இல்லாம ஓடாது. பெரிய அகராதிங்கறதால வசைச்சொல்லும் நடுவுல வரலாம், அதனால சின்னப் பிள்ளைங்க கைல ஃபோனக் குடுத்து நீயே தேடுன்னு விடாதீங்க, பக்கத்துல உக்காருங்க. இன்னும் நல்லது, முதல்ல பிள்ளைய வாயாலயே அஞ்சு சொல்லச் சொல்லுங்க, ஏ, பி, சின்னு ஒவ்வொரு எழுத்தா முன்னாடி வச்சு உருட்டிப் பாக்கட்டும், அது நின்ன எடத்துலேர்ந்து சைட்ட ஓப்பன் பண்ணுங்க. 1983ல ஆக்ஸ்ஃபோர்டச் சேர்ந்த லினெட் பிராட்லியும் பீட்டர் பிரயன்ட்டும் நேச்சர் இதழ்ல ஒரு ஆய்வு போட்டாங்க, பள்ளிக்கூடத்துல படிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சத்தத்தைப் பிரிச்சு ஜோடி சேக்கத் தெரிஞ்ச பிள்ளைங்க பின்னாடி வாசிப்புலயும் ஸ்பெல்லிங்லயும் நல்லா வர்றாங்கன்னு. பலன் அந்தப் பிள்ளையோட காதுக்குத்தான், காப்பி பண்ணின நோட்டுக்கு இல்ல.

மெரியம் வெப்ஸ்டர்லயும் ரைம் லிஸ்ட் இருக்கு, சுத்தமாவும் இருக்கு, அதுவும் அமெரிக்க அகராதிதான். சிலபிள் பிரிவு, ஹோமோஃபோன்ஸ், பக்கத்துச் சத்தம் எல்லாம் ஒரே எடத்துல வேணும்னா எனக்கு ரைம்ஜோன்தான் வசதி.

சில வார்த்தைக்கு லிஸ்ட் காலியா இருக்கும், இல்லாட்டி விசித்திரமா ஒண்ணு ரெண்டுதான் இருக்கும், அது சைட்டோட கோளாறு இல்ல. மாசத்தைச் சொல்ற மந்த்துக்கு இங்கிலீஷ்ல முழு ரைமே கிடையாது. சில்வருக்கு ச்சில்வர்னு ஒண்ணு இருக்கு, ஸ்பெல்லிங் சிஹெச்ல ஆரம்பிக்கும், பெண் ஆட்டுக்குட்டின்னு அர்த்தம். பர்பிளுக்கு ஹர்பிள், நொண்டி நொண்டி நடக்கறதுன்னு அர்த்தம், ஸ்காட்லாந்துப் பக்கத்து வார்த்தை. ஆரஞ்சுக்கு வேல்ஸ்ல 561 மீட்டர் உசரத்துல ப்ளாரஞ்ச்னு ஒரு மலையோட பேரு இருக்கு, பெரணிச் செடில விதைத்தூள் பைக்கு ஸ்பாரஞ்ச்னு ஒரு தாவரவியல் சொல் இருக்கு, அவ்ளோதான். டீச்சர் ஒர்க்ஷீட்ல கலர் பேரு குடுத்து ரைம் கேட்டிருந்தா ரெட், ப்ளூ, க்ரீன், பிங்க் இந்த நாலோட நிறுத்திக்கச் சொல்லுங்க, பர்பிள், ஆரஞ்ச் கேட்டு பிள்ளைய அழ வைக்க வேணாம்.

பாட்டு எழுதறவங்களுக்கு மட்டும் இந்தக் கட்டு இல்ல. அவங்க நியர் ரைம்ஸ்னு இருக்கறதை அமுக்கட்டும், முழுசா சேராட்டியும் பக்கத்துல வந்து நிக்கற சத்தங்க அதுல கிடைக்கும், ராப் பாடறவங்க பாதி வேலை அதுலதான் நடத்தறாங்க, ஆரஞ்ச்ச கொஞ்சம் இழுத்துச் சொல்லி டோர் ஹிஞ்ச்சோட சேத்துருவாங்க, கதவுக் கீலோட. தாளத்தோட பாடும்போது அது உக்காந்துரும்.