பேனல் போச்சு என்றார்கள், போகவில்லை: புளியரை ரோட்டு டிவி கடையில் ஸ்டாட்டிக் ஸ்பீக்கர் ரிப்பேர்

எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் வைத்திருக்கிறீர்களா, அதுவும் செங்கோட்டை, தென்காசி, புனலூர் மாதிரி ஆனி பிறந்தால் மாதக்கணக்கில் ஈரம் காயாத ஊரில்? அப்படியானால் யாராவது "பேனல் போச்சு, மாத்தணும்" என்று சொன்னதும் பணத்தை எடுத்து நீட்டிவிடாதீர்கள். பேனல் என்றால் அதில் பாடுகிற பலகை. முதலில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு அளந்து காட்டியவர், செங்கோட்டையில் இருந்து புளியரை போகிற ரோட்டில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி. "கையில இருக்க வேலையே முடியல, பேரைப் போட்டுறாதீங்க தம்பி" என்று கேட்டுக்கொண்டதால் கடைப் பெயர் இங்கே இல்லை.

என்னுடையது எண்பதுகளில் செய்த ஜோடி. 2011-ல் திருவனந்தபுரத்தில் ஒரு பெரியவரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். கோன் கிடையாது, காந்தம் கிடையாது, பெட்டியும் கிடையாது, மெல்லிய பிளாஸ்டிக் தாள் மட்டும்தான் முழுப் பலகைக்கும் பாடுகிறது, ஆனால் அதில் ஒரு மனிதக் குரலைக் கேட்டுவிட்டால் மற்ற ஸ்பீக்கரில் எல்லாம் யாரோ சட்டிக்குள் இருந்து பாடுவது போலத்தான் இருக்கும். பன்னிரண்டு வருஷம் பிரச்சினை இல்லாமல் ஓடியது. 2023 ஆடியில் இடது பக்கம் சத்தம் மெல்ல இறங்க ஆரம்பித்தது. பிறகு பாட்டு இல்லாத நேரத்திலும் "டிக்... டிக்..." என்று ஒரு சத்தம், கிட்டே போனால் இடி இறங்கிய இடத்தில் வருமே, அந்த மாதிரி ஒரு காட்டமான வாசனை. ஒரு பெரிய நகரத்தில் இருக்கிற ஆடியோ கடைக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். நேரில் பார்க்காமலே இரண்டு பக்கமும் பேனல் செட்டு மாற்ற வேண்டும், வெளிநாட்டில் இருந்து வர வேண்டும், ஒரு லட்சத்து எண்பதாயிரம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு பக்கம்தானே கெட்டிருக்கிறது என்று கேட்டதற்குப் பதிலே வரவில்லை.

இந்த அண்ணாச்சியைப் பற்றிச் சொன்னது ஆரியங்காவில் மைக் செட் வைத்திருக்கும் நண்பர். டிவி கடைக்காரருக்கு இதில் என்ன தெரியும் என்றுதான் முதலில் நினைத்தேன். போய்ப் பார்த்த பிறகு, டிவி கடைக்காரரைத் தவிர வேறு யாருக்குத் தெரியும் என்று ஆகிவிட்டது. பழைய பிக்சர் டியூப் டிவியின் கண்ணாடிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் ரோமம் எழுந்து நிற்கும், ஞாபகம் இருக்கிறதா? அந்த டியூபுக்குள் இருபது, இருபத்தைந்து ஆயிரம் வோல்ட் ஓடும். இந்த ஸ்பீக்கரில் அதில் கால்வாசிதான். தலைமுடியில் பத்தில் ஒரு பங்குகூடத் தடிமன் இல்லாத பாலியஸ்டர் தாள் ஒன்றை, துளை போட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே இழுத்துக் கட்டி, அந்தத் தாளில் ஐயாயிரம் வோல்ட் அளவுக்கு மின்னூட்டம் ஏற்றி வைத்திருப்பார்கள். ஆம்ப்ளிஃபையரில் இருந்து வரும் பாட்டு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் பெருகித் தகடுகளுக்குப் போகும், ஒரு தகடு இழுக்கும், இன்னொன்று தள்ளும், தாள் ஆடும். இவ்வளவுதான் விஷயம். இ.எச்.டி. என்று சொல்கிற அந்த டிவி உயர் வோல்டேஜோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டினவருக்கு இது புதிது இல்லை.

கடைக்குள் வைத்ததும் அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவில்லை. சுவிட்சைப் போட்டு ஒரு மணி நேரம் அப்படியே விட்டார். ராத்திரி ஏழரைக்கு ஷட்டரை இறக்கி லைட்டை அணைத்துவிட்டு, "இப்ப பாருங்க" என்றார். ஒன்றும் தெரியவில்லை. கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிஷம் ஆனது. அப்புறம் கீழ்ப் பக்கம் இடது மூலையில், கடுகில் பாதி அளவுக்கு ஊதாவாக ஒரு புள்ளி மினுக்கி அணைந்தது, கூடவே அந்த "டிக்". கையில் ஒரு கெஜம் நீளத்துக்கு பச்சை நிற வாட்டர் லெவல் டியூப் வைத்திருந்தார், ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறு முனையைப் பேனலின் மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார், டாக்டர் நெஞ்சில் வைத்துப் பார்ப்பது மாதிரி. அந்த மூலைக்கு வந்ததும் டியூபை என் காதில் கொடுத்தார். வாணலியில் எண்ணெய் காய்கிற மாதிரி ஒரு இரைச்சல். "இது லீக்கு. பேனல் போச்சுன்னு யாரு சொன்னா? பேனல்ல நாலு துண்டு இருக்கு, மூணு துண்டு சுத்தமா இருக்கு."

அடுத்து வோல்டேஜ். இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். சாதாரண மல்டிமீட்டரை வைத்தால் அளவு தப்பாகத்தான் காட்டும், ஏனென்றால் தாளுக்குப் போகும் மின்னூட்டம் நூறு மெகாஓம் மாதிரி பெரிய தடை வழியாகச் சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது, மீட்டரே அதைக் குடித்துவிடும். அவரிடம் பழைய டிவி காலத்து இ.எச்.டி. புரோப் இருக்கிறது, ஆயிரம் மெகாஓம். வலது பக்கம் 5.1 கிலோவோல்ட், இடது பக்கம் 2.8. பேனலுக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் 3.4. அதாவது வீட்டில் பாதி திருட்டு, ரோட்டில் மீதித் திருட்டு என்றார். தாளுக்கு வோல்டேஜ் கொடுக்கிற சப்ளை போர்டே பலவீனம், அதோடு பேனலிலும் கசிவு.

இந்தக் கசிவுக் கணக்கை ஒரு தீப்பெட்டி அட்டையில் எழுதிக் காட்டினார், எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. நூறு மெகாஓம் வழியாகப் பத்து மைக்ரோஆம்ப் கசிந்தாலே ஆயிரம் வோல்ட் காணாமல் போய்விடும். பத்து மைக்ரோஆம்ப் என்பது ஒன்றுமே இல்லை, தூசியும் ஈரமும் சேர்ந்து ஒரு நூல் அளவுக்குப் பாதை போட்டால் போதும். வெயில் காலத்தில் நன்றாகப் பாடிய ஸ்பீக்கர் சாரலில் முனகுவதற்குக் காரணம் இதுதான்.

சப்ளை போர்டு என்பது டயோடும் கெபாசிட்டரும் ஏணிப்படி மாதிரி அடுக்கி, படிக்குப் படி வோல்டேஜை ஏற்றுகிற சங்கதி. எல்லா டயோடுகளையும் மாற்றினார், நாம் எந்தக் கடையிலும் வாங்குகிற 1என்4007 தான், கெபாசிட்டரும் புதிது. போர்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கழுவி, அறுபது வாட் பல்பு மாட்டிய ஒரு தகரப் பெட்டிக்குள் இரண்டு நாள் காய வைத்தார். பேனலைத் தொடாமலே 5.3 வந்துவிட்டது. இதற்கு ஆன செலவு ஆயிரத்துச் சொச்சம். அந்த நகரத்துக் கடைக்காரர் சொன்ன தொகையை நினைத்துப் பார்த்தேன், நெஞ்சு பொறுக்கவில்லை.

பேனல் வேலைதான் பெரிய வேலை. தகட்டைச் சட்டத்தோடு ஒட்டியிருந்த பசை காய்ந்து, விரலால் தேய்த்தால் மாவாகக் கொட்டியது. தகடு ஒரு மூலையில் எழும்பித் தாளுக்குக் கிட்டே வந்ததால்தான் பொறி. இந்தச் சாதியில் பேர் பெற்ற குவாட் கம்பெனியின் இ.எஸ்.எல். 63 மாடலிலும் பேனல் பசை விட்டுப் போவது உலகம் முழுக்க ரிப்பேர்காரர்களுக்குத் தெரிந்த வியாதிதான், அந்த மாடல் 1981-ல் வந்தது. அதற்கு முந்தின மாடலை, 1957-ல் குவாட்டை ஆரம்பித்த பீட்டர் வாக்கர் கொண்டுவந்ததை, பசையும் தாளும் மாற்றி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். காகிதக் கோன் ஸ்பீக்கரில் ஓரத்து ஃபோம் பதினைந்து இருபது வருஷத்தில் பொடிந்து விழுகிறதே, அதை யாரும் "நாசூக்கான சாமான்" என்று சொல்வதில்லை. இதை மட்டும் அப்படிச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள், எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

தாள் மாற்றுவதைப் பார்க்க இரண்டு நாள் லீவு போட்டேன். கெபாசிட்டர் செய்யப் பயன்படுகிற பாலியஸ்டர் படலம், மூச்சு விட்டால் பறக்கிறது. மேசைக்கு மேல் ஒரு கடப்பா கல், அதன் மேல் மரச்சட்டம், சட்டத்தின் விளிம்பைச் சுற்றி ஒரு சைக்கிள் டியூப். தாளை டியூபுக்கு மேலாக விரித்து, மறு பக்கம் டேப் போட்டு ஒட்டிவிட்டு, பம்ப் வைத்து மெதுவாகக் காற்று அடித்தார். டியூப் உப்ப உப்பத் தாள் நாலு பக்கமும் ஒரே சீராக இழுபடுகிறது. சுருக்கங்கள் ஒவ்வொன்றாக ஓடி மறைந்து, கடைசியில் தாள் இருப்பதே தெரியவில்லை, டியூப்லைட் பிரதிபலிக்கிற கோட்டைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இழுப்பு குறைந்தால் தாள் தகட்டில் போய் ஒட்டிக்கொள்ளும், கூடினால் அடிச்சத்தம் போய்விடும். விரலால் லேசாகத் தட்டிப் பழைய நல்ல பேனலின் சத்தத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே இன்னும் இரண்டு பம்ப், அப்புறம் அரை பம்ப். தவிலுக்கு வார் பிடிக்கிறவரின் காது மாதிரி.

பிறகு தாளுக்குப் பூச்சு. பஞ்சில் கிராஃபைட் பொடியைத் தொட்டுத் தேய்த்தார், கறுப்பாக ஆனது, அதன் பிறகு அதை முழுவதும் துடைத்து எடுத்துக்கொண்டே இருந்தார். எதற்கு அண்ணாச்சி பூசிவிட்டுத் துடைக்கிறீர்கள் என்று கேட்டேன். "கரண்டு இதுல ஓடக் கூடாது தம்பி, நகரணும். ஓடுனா ஒரே இடத்துக்குக் கூடி ஓட்டை போட்டுரும்." கண்ணுக்கே தெரியாத அளவுக்குத்தான் பூச்சு நிற்க வேண்டுமாம். மெதுவாக இறுகுகிற எபாக்ஸியில் தகட்டை ஒட்டி, மேலே இன்னொரு கடப்பா கல்லைப் பாரமாக ஏற்றி, ஒரு நாள் முழுக்க யாரையும் கிட்டே விடவில்லை.

கடையில் கொட்டாரக்கரையில் இருந்து வந்த ஒரு ரிப்பன் ஸ்பீக்கரும் கிடந்தது, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரிப்பனில் உயர் வோல்டேஜ் கிடையாது, காந்தங்களுக்கு நடுவே தொங்குகிற அலுமினியத் தாள்தான், அதனால் சாரல் அதை அவ்வளவாகத் தொடுவதில்லை. அதற்கு எமன் வேறு. காற்று. பலமான ஃபேனுக்கு நேராக வைத்தால் நாளடைவில் தொய்யும், வாக்குவம் கிளீனரைக் கிட்டே கொண்டுபோனால் ஒரே நாளில் முடிந்தது. அளவுக்கு மேல் சத்தம் வைத்தால் ஃபியூஸ் கம்பி மாதிரி எரியும். கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றில் அலுமினியம் வெளுத்துப்போகும். தாளை அளவாக வெட்டி, இரண்டு நைலான் பல்சக்கரங்களுக்கு நடுவே உருட்டிக் கொசுவம் போட்டு மாட்டுகிறார், அரை நாள் வேலை. மேக்னபான் கம்பெனி ஸ்பீக்கர் மாதிரி, தாளில் கம்பி ஒட்டிய வகையில் வருஷக்கணக்கில் பசை விட்டு வண்டு மாதிரி இரையும், கம்பியைத் திரும்ப ஒட்டினால் சரியாகிவிடும்.

இனி குறைகள். மூன்று வாரம் என்று சொன்னது பதினோரு வாரம் ஆனது. போன் எடுக்கவே மாட்டார். ஜிஎஸ்டி பில் கிடையாது, கேரண்டி வாய்வார்த்தைதான். பேக்கிங் செய்து தர மாட்டார், நான் ஆம்னி வேனில் நிற்க வைத்து, இரண்டு பக்கமும் தலையணை கொடுத்து, ஸ்பீட் பிரேக்கருக்கு ஒரு முறை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு சேர்த்தேன். அவசரக்காரர்களுக்கு இந்தக் கடை ஒத்துவராது. மொத்தம் பதினாறாயிரத்து ஐந்நூறு வாங்கினார், கேட்டதைக் கொடுத்தேன், பேரம் பேசத் தோன்றவில்லை. பழைய தாள், பழைய டயோடுகள் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு என்னிடமே கொடுத்தார், எனக்கு அது பில்லைவிடப் பெரிதாகப் பட்டது.

வீட்டில் செய்யச் சொன்னதில் என்னை உலுக்கியது சாம்பிராணி. வெள்ளிக்கிழமை தவறாமல் ஸ்பீக்கர் இருக்கும் அறையில்தான் போடுவோம். மின்னூட்டம் ஏறிய தாள் புகையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், கழற்றிய பழைய தாளை விரலால் தடவினால் பிசுபிசுவென்று பழுப்பாக வந்தது. கொசுவத்தியும் அப்படித்தான், தாளிப்புப் புகையும் அப்படித்தான். கேட்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் சுவிட்சைப் போடுங்கள், கேட்காதபோது துணி போட்டு மூடி வையுங்கள், மேற்கு ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள், ஐப்பசி இடிக்கு பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். ஒன்று மட்டும் கண்டிப்பு: பின் மூடியை நீங்களே கழற்றாதீர்கள். பாட்டு ஓடும்போது தகடுகளுக்குப் போகிற வோல்டேஜ் ஆளைக் கொல்லும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மிச்சம் நிற்கும்.

திரும்பி வந்து இரண்டு சாரல் ஆகிவிட்டது, இடது பக்கம் அப்படியே இருக்கிறது. இப்போது வலது பக்கத்து சப்ளை போர்டில் இருக்கிற சின்ன நியான் விளக்கு முன்னைவிட வேகமாகக் கண் சிமிட்டுகிறது, பின் மூடித் துளை வழியாகப் பார்த்தால் தெரியும், அதுவும் கசிவுக்கு அடையாளம்தான். போன் எடுக்க மாட்டார் என்பதால் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். சாரல் நேரத்தில் தாள் வேலை எடுப்பதில்லை, ஈரத்தோடு ஒட்டினால் நிற்காது, தை பிறக்கட்டும் என்றார். நீங்களும் போவதாக இருந்தால் தைக்குப் பிறகு போங்கள், காலை பத்தரைக்கு மேல் கடை திறந்திருக்கும்.