ஆர்கே39 துரிதப் பரிசோதனைப் பட்டை: ஆய்வகத்திலிருந்து ஒரு மதிப்பீடு

பீகாரில் காலா அசார் (லீஷ்மேனியா என்னும் ஒட்டுண்ணியால் வரும் நோய்) நோயாளிகள் வரும் ஓர் ஆய்வகத்தில், அந்த ஒட்டுண்ணிக்கு எதிராக உடல் சுரக்கும் எதிர்ப்புரதங்களை (ஆன்டிபாடி) இரத்தத்தில் கண்டறியும் இப்பட்டையைப் பயன்படுத்திவருகிறேன். விரல்நுனி இரத்தத்தை ஒரு துளி வைத்து, உடன் வரும் கரைசலைச் சில துளிகள் விட்டால், நோய் இருந்தால் 20 நிமிடங்களுக்குள் சிவந்த கோடு தெரிந்துவிடும்; ஒட்டுண்ணியைத் தேட மண்ணீரலில் ஊசி குத்தும் அபாயம் இல்லை.

இதன் அருமை, காலா அசாரை லூபஸ் (நோயெதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் நோய்) என்று தவறாகக் கருத இடமிருக்கும்போதுதான் விளங்குகிறது. லீஷ்மேனியா ஒட்டுண்ணி உடலில் மாதக்கணக்கில் தங்கிவிட்டால், பி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் வரைமுறையின்றித் தூண்டப்பட்டு, ஒட்டுண்ணிக்குத் தொடர்பே இல்லாத எதிர்ப்புரதங்களையும், சொந்தத் திசுக்களையே குறிவைக்கும் எதிர்ப்புரதங்களையும் சுரப்பதால், லூபஸ் போன்ற நோய்களைக் கண்டறியச் செய்யும் ஏஎன்ஏ, ருமட்டாய்டு காரணி போன்ற சோதனைகள் பாசிட்டிவாக வரக்கூடும். நீண்ட காய்ச்சல், வீங்கிய மண்ணீரல், இரத்த அணுக்களின் குறைவு ஆகியவற்றோடு அந்த அறிக்கையும் கையில் இருக்கும்போது நோயெதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தை எழுதத் தோன்றுவது இயல்பே. ஆனால் அது ஒட்டுண்ணிக்கு வழிவிடுவதாகிவிடும். அதற்குமுன் இப்பட்டையை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

குறையும் உண்டு. நோய் குணமான பின்பும் கோடு நெடுங்காலம் நீடிப்பதால், நோய் திரும்பியதா என்பதை இதைக்கொண்டு சொல்ல முடியாது. அங்கே எலும்பு மஜ்ஜை போன்ற திசுவில் ஒட்டுண்ணியைத் தேடித்தான் பார்க்க வேண்டும். எச்ஐவி உள்ளவர்களிடம் நோய் இருந்தும் கோடு தெரியாமலும் போகலாம். எங்களுக்கு வந்த ஒரு பெட்டியில் கரைசல் புட்டி கசிந்து பாதி காலியாக இருந்தது. விநியோகித்தவர் மாற்றிக் கொடுக்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டார்.