உபுண்டுவில் புதுப்பிப்பு அறிவிப்புகளைக் கட்டுக்குள் வைத்தல்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளை 20.04-இல் தொடங்கி, 22.04 வழியாக, இப்போது 24.04 வரை என் அன்றாட வேலைக்கான மேசைக் கணினியில் பயன்படுத்தி வருகிறேன். எழுத்து, பக்க வடிவமைப்பு, சிறிதளவு நிரலாக்கம் என்று பகல் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும் கணினி அது. இந்தக் காலத்தில் நான் அதிகம் மாற்றியமைத்த பகுதி எது என்று கேட்டால், மென்பொருள் புதுப்பிப்பு பற்றிய அறிவிப்புகள் எப்போது, எதற்காக என் திரைக்கு வர வேண்டும் என்பதைத்தான் சொல்வேன். அறிவிப்பை ஒரேயடியாக அணைத்துவிடுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். எந்தப் புதுப்பிப்புக்கு நம்முடைய முடிவு தேவை, எதற்குத் தேவையில்லை என்று முதலில் பிரித்துவிட்டால், அறிவிப்புகளின் தொல்லை பெரும்பாலும் தானாகவே குறைந்துவிடுகிறது.

உபுண்டுவில் இந்த வேலையை இரண்டு நிரல்கள் பகிர்ந்துகொள்கின்றன. பின்னணியில் இருந்து கவனித்துக்கொண்டிருப்பது அப்டேட்-நோட்டிஃபயர். பட்டியலைக் காட்டி நிறுவிக்கொள்ளச் சொல்லும் சாளரம் அப்டேட் மேனேஜர். 2009-இல் வந்த 9.04 பதிப்புக்கு முன்பு, புதிதாக ஏதேனும் வந்திருந்தால் மேற்பட்டையில் ஒரு சிறு சின்னம் மட்டும் தோன்றும். அந்தப் பதிப்பிலிருந்து சாளரமே தானாகத் திறக்கும்படி மாற்றினார்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் என்றால் தாமதமின்றியும், மற்றவை என்றால் வாரம் ஒருமுறையும் திறப்பது என்பது அப்போது வகுத்த முறை. அடிப்படையில் அதுவே இன்றும் தொடர்கிறது. சின்னத்தைப் பலரும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்கள் என்ற கவலை நியாயமானதே. ஆனால் ஒரு பத்தியை எழுதிக்கொண்டிருக்கும்போது முன்னால் வந்து நிற்கும் சாளரத்தை யாரும் நிதானமாகப் படிப்பதில்லை, மூடிவிட்டு வேலையைத் தொடர்வதே இயல்பு. அப்படி மூடிப் பழகிய கை, உண்மையிலேயே அவசரமான அறிவிப்பையும் அதே வேகத்தில் மூடிவிடும் என்பதுதான் எனக்கு இருக்கும் கவலை.

‘மென்பொருளும் புதுப்பிப்புகளும்’ என்ற அமைப்புச் சாளரத்தில் புதுப்பிப்புகளுக்கென ஒரு தத்தல் (தனிப்பக்கம்) இருக்கிறது. புதியவை வந்திருக்கின்றனவா என்று எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பது, பாதுகாப்புத் திருத்தம் வந்தால் என்ன செய்வது, மற்றவற்றை எப்போது காட்டுவது, புதிய உபுண்டு பதிப்பு வந்தால் சொல்ல வேண்டுமா என்ற நான்கு கேள்விகள் அதில் உள்ளன. நான் தினமும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பாதுகாப்புத் திருத்தங்களைத் தாமாகவே பதிவிறக்கி நிறுவிக்கொள்ள விட்டிருக்கிறேன். மற்றவற்றை இரண்டு வாரத்திற்கு ஒருமுறை காட்டினால் போதும் என்று வைத்திருக்கிறேன். பதிப்பு அறிவிப்பை நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு மட்டும் அனுமதித்திருக்கிறேன். தொல்லை தாங்காமல் முதல் கேள்விக்கே ‘ஒருபோதும் வேண்டாம்’ என்று விடையளிப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் பொதிகளின் (நிறுவக்கூடிய மென்பொருள் தொகுப்புகளின்) பட்டியலே புதுப்பிக்கப்படாமல் நின்றுவிடுகிறது. அறிவிப்பு வராததற்குக் காரணம், கணினிக்கே ஒன்றும் தெரியாமல் போனதுதான். இணையத்தோடு இணைந்திருக்கும் ஒரு கணினிக்கு இது ஆபத்தான அமைதி.

பாதுகாப்புத் திருத்தங்களைத் தாமாக நிறுவும் நிரலின் பெயர் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ். உபுண்டுவின் இயல்பமைப்பில் இது பாதுகாப்புக் களஞ்சியத்திலிருந்து வருவனவற்றை நிறுவும்; வழக்கமான திருத்தங்களைத் தொடாது; கணினியைத் தானாக மறுதொடக்கமும் செய்யாது. இந்த எல்லைகள் எனக்கு மிகவும் உவப்பானவை. இது வேலையை முடித்துவிடுவதால் அப்டேட் மேனேஜர் திறக்க வேண்டிய அவசரம் பெருமளவு இல்லாமல் போகிறது. ஒரு விதிவிலக்கு மட்டும் வைத்திருக்கிறேன். வரைகலை அட்டையின் தனியுரிம இயக்கி, கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றப்பட்டால், நினைவகத்தில் இருக்கும் பழைய கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கூறும் வட்டில் உள்ள புதிய நூலகமும் ஒத்துப்போகாமல், மறுதொடக்கம் செய்யும் வரை சில செயலிகள் திறக்க மறுக்கும். எனவே அந்த இயக்கியின் பெயரைத் தவிர்ப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டு, நானே நேரம் பார்த்து நிறுவிக்கொள்கிறேன்.

நேரம் பார்ப்பது பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அறிவிப்பே வராதபோதும் இடையூறு வரும் இடம் இதுதான். பின்னணி வேலைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் இரண்டு டைமர்கள் (நேரம் குறிக்கும் அமைப்புகள்) இந்த வேலைகளைத் தொடங்கிவைக்கின்றன. பட்டியலைப் புதுப்பிக்கும் ஏபிடி-டெய்லி காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் குறிக்கப்பட்டு, அதன்மேல் 12 மணிநேரம் வரை தற்போக்கான தாமதம் சேர்க்கப்பட்டது. உலகெங்கும் உள்ள கணினிகள் ஒரே நொடியில் வழங்கியை மொய்க்காமல் இருக்க இந்த ஏற்பாடு. நிறுவும் வேலையைச் செய்யும் ஏபிடி-டெய்லி-அப்கிரேட் காலை 6 மணிக்கு, ஒரு மணிநேரம் வரை தாமதத்தோடு இயங்கும். இரவில் அணைத்துவிடும் மேசைக் கணினி காலை 6 மணிக்கு விழித்திருப்பதில்லை. தவறிய வேளையைப் பின்னர் ஈடுசெய்ய வேண்டும் என்று டைமரில் குறிப்பிட்டிருப்பதால், கணினியைத் திறந்து வேலையைத் தொடங்கும் நேரத்தை ஒட்டியே நிறுவலும் தொடங்கிவிடுகிறது. அந்த வேளையில் முனையத்தில் (கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரத்தில்) ஏதேனும் பொதியை நிறுவ முயன்றால், பொதிகளை நிறுவும் அடிப்படை நிரலான டிபிகேஜியின் பூட்டு அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் வசம் இருப்பதாகவும் அது விடுபடும் வரை காத்திருப்பதாகவும் ஒரு வரி வந்து நொடிகளை எண்ணிக்கொண்டே நிற்கும். அப்போது அந்தச் செயலை வலிந்து நிறுத்தவோ பூட்டுக் கோப்பை அழிக்கவோ கூடாது. பாதியில் நின்ற நிறுவலைச் சீர்செய்வது காத்திருப்பதைவிடப் பெரிய வேலை.

நான் செய்தது, சிஸ்டம்சிடிஎல் எடிட் கட்டளையின் மூலம் இரண்டு டைமர்களுக்கும் என் நேரத்தை எழுதிவைத்ததுதான்: பட்டியல் பிற்பகல் 1 மணிக்கு, நிறுவல் 1.30 மணிக்கு. உணவுக்காக எழுந்து செல்லும் நேரம் அது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இயங்கும் நேரத்தைக் குறிக்கும் ஆன்காலண்டர் என்ற வரியை முதலில் வெறுமையாக ஒருமுறை எழுதி, அதன் பிறகே புதிய நேரத்தைத் தர வேண்டும். இல்லையென்றால் பழைய நேரமும் புதிய நேரமும் சேர்ந்தே செல்லுபடியாகும். தற்போக்கான தாமதத்தையும் சில நிமிடங்களாகக் குறைக்க வேண்டும், இல்லாவிடில் 1 மணி என்று எழுதியது மாலையில் நடக்கும். இந்த ஒரு மாற்றம் எனக்குத் தந்த நிம்மதியை வேறு எந்த அமைப்பும் தரவில்லை.

கைபேசி வழியாக இணையம் பெறுபவர்களுக்கு ஒரு செய்தி. வைஃபை இணைப்பின் விவரங்களில் அது தரவு வரம்புள்ள இணைப்பு என்று குறித்துவிட்டால், அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் அதை மதித்து ஒதுங்கிக்கொள்ளும். மின் இணைப்பின்றி மின்கலத்தில் ஓடும் மடிக்கணினியிலும் அது அப்படியே காத்திருக்கும்.

ஸ்நாப் என்ற தனி வடிவில் வரும் செயலிகளின் கதை வேறு. உபுண்டுவின் வழக்கமான பொதி மேலாண்மை நிரலான ஏபிடிக்காகச் செய்த எந்த மாற்றமும் அவற்றைக் கட்டுப்படுத்தாது. ஸ்நாப் நாளுக்கு நான்கு முறை புதியவற்றைத் தேடும். ஃபயர்பாக்ஸ் போன்ற செயலி திறந்திருந்தால் உடனே மாற்றாமல், ‘புதுப்பிப்பு காத்திருக்கிறது, செயலியை மூடவும், 13 நாள்கள் மீதம்’ என்ற பொருளில் ஓர் அறிவிப்பைக் காட்டும். நாள்கள் தீர்ந்துவிட்டால், திறந்திருக்கிறதா என்று பாராமல் மாற்றிவிடும். உலாவியை உடனுக்குடன் திருத்துவது அவசியம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 22.04-இன் தொடக்க காலத்தில் மூடியவுடன் புதுப்பிப்பு நடக்காது. அடுத்த தேடல் வரும் வரை காத்திருக்க வேண்டும், அல்லது முனையத்தில் கட்டளை கொடுக்க வேண்டும். ஒரு செயலைச் செய்யச் சொல்லிவிட்டு, செய்தபின்பும் அதே செய்தியைத் திரும்பக் காட்டும் அறிவிப்பு மக்களின் நம்பிக்கையை இழந்துவிடும். பிந்தைய வெளியீடுகளில், மூடியதும் பின்னணியில் வேலை முடிந்துவிடுகிறது. தேடல் நேரத்தை ரிஃப்ரெஷ்.டைமர் அமைப்பின் வழியே இரவுக்கு மாற்றிக்கொள்ளலாம். 2022-இன் இறுதியில் வந்த ஸ்நாப்டி (ஸ்நாப்பின் பின்னணி நிரல்) 2.58 முதல் ஒரு செயலியைக் காலவரையறையின்றி நிறுத்திவைக்கவும் வசதி உண்டு. நிறுத்திவைத்த செயலியையும் பெயர் சொல்லிக் கேட்டால் புதுப்பித்துத் தரும். உலாவியைத் தவிர மற்ற சிலவற்றுக்கு இதைப் பயன்படுத்துகிறேன். உலாவியை நிறுத்திவைக்க எனக்கு மனம் வரவில்லை.

பெற்றோர் பயன்படுத்தும் கணினியில் லினக்ஸ் மின்ட் நிறுவியிருக்கிறேன். 2021-இல் வந்த 20.2 பதிப்பில் மின்ட் குழுவினர் அறிமுகப்படுத்திய நினைவூட்டல் முறை இன்னும் பொறுமையானது. கேடயச் சின்னம் பணிப்பட்டைத் தட்டில் அமைதியாக இருக்கும். ஒரு திருத்தம் வந்து, பயனர் உள்நுழைந்திருந்த நாள்கள் 7-ஐத் தாண்டினாலோ, நாட்காட்டியில் 15 நாள்கள் கடந்தாலோ மட்டுமே அறிவிப்பு வரும். இந்த எண்களை நாமே மாற்றிக்கொள்ளலாம். ஒரு குறிப்பிட்ட பொதியின் மேல் வலச்சொடுக்கு செய்து, இந்த ஒரு திருத்தத்தை மட்டும் விடு என்றோ, இனி இதைப் பற்றியே பேசாதே என்றோ சொல்லவும் முடிகிறது. நேரம் போனது என்று மட்டும் பாராமல் பயனர் கணினி முன் இருந்த நாள்களையும் கணக்கில் கொள்வது, அக்கறையோடு சிந்தித்தவர்களின் வேலை. ஆயினும் பெற்றோருக்காகத் தானியங்குப் புதுப்பிப்பையும் இயக்கி வைத்திருக்கிறேன், ஏனெனில் அந்த அறிவிப்பைப் படித்து முடிவெடுப்பது அவர்கள் மேல் சுமத்த வேண்டிய பொறுப்பு அன்று. ஏதேனும் பிசகினால் முந்தைய நிலைக்குத் திரும்ப டைம்ஷிஃப்ட் இருக்கிறது.

உபுண்டுவில் எனக்கு இன்னும் இருக்கும் குறை, இந்தக் கட்டுப்பாடுகள் ஓரிடத்தில் இல்லை என்பதே. வரைகலைச் சாளரத்தில் பாதி, ஏபிடியின் அமைப்புக் கோப்புகளில் சில, டைமர்களில் சில, ஸ்நாப்பின் கட்டளைகளில் மீதி என்று சிதறிக் கிடப்பதால், முனையத்திற்குப் பழகாத ஒருவர் இவற்றைத் தாமாகக் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. குறைந்தபட்சம் நிறுவும் நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் ஒரு வசதி அந்தத் தத்தலிலேயே வர வேண்டும். அமைதியாக நடக்கும் வேலை உண்மையில் நடக்கிறதா என்று பார்க்க, வார் கோப்புறைக்குள் உள்ள பதிவேடுகளில் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸின் பதிவை மாதம் ஒருமுறையாவது திறந்து, எந்த நாளில் எந்தப் பொதிகள் நிறுவப்பட்டன, மறுதொடக்கம் ஏதேனும் நிலுவையில் உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கெர்னல் திருத்தம் வட்டில் இருந்தாலும் மறுதொடக்கம் செய்யும் வரை பழைய கெர்னலே ஓடிக்கொண்டிருக்கும்.