முந்தி வரும் செய்திக்கு மாதம் 49 ரூபாய்: வட சென்னை விளையாட்டுச் செய்திச் சேவை ஒன்றின் மதிப்பீடு

வியாசர்பாடியிலிருந்து வாட்ஸப் வழியாக நடத்தப்படும் கட்டண விளையாட்டுச் செய்திச் சேவை ஒன்றைப் பற்றியது இந்த மதிப்பீடு. மாதச் சந்தா 49 ரூபாய்; ஜிபேயில் கட்டலாம். சேவைக்குப் பெயரும் சின்னமும் உண்டு என்றாலும், அதை நடத்துபவருக்கும் ஒரு விளையாட்டுச் சங்கத்துக்கும் தற்போது உரசல் இருப்பதால் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். முல்லை நகரிலோ பெரம்பூரிலோ மாலையில் பந்து ஆடும் பிள்ளைகளைக் கேட்டாலே எண் கிடைத்துவிடும் என்பதால், இதனால் வாசகருக்கு இழப்பு ஒன்றும் இல்லை. சேவை காசுக்குத் தகுமா என்ற கேள்விக்கான விடை பெரும்பாலும் அந்த உரசலுக்குள்ளேயே இருப்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அணித் தேர்வுப் பட்டியல், லீக் ஆட்டங்களின் தேதி மாற்றம், பயிற்சியாளர் விலகல், எந்த ஆட்டக்காரர் எந்த அலுவலக அணிக்குப் போகிறார் என்பது போன்ற செய்திகள், சங்கத்தின் முத்திரையோடு தாளாக வெளிவருவதற்கு முன்பே இந்தச் சேவையில் வந்துவிடுகின்றன. அவை தவறு என்று சங்கத்தில் யாரும் சொல்லவில்லை. சரியான செய்தி எங்களைக் கேட்காமல் சீக்கிரம் வந்துவிட்டது என்பதே அவர்களுடைய புகார். இதன் விளைவாக, ஆட்ட நாட்களில் சேவையை நடத்தும் இவரை மைதானத்துக்குள் விட வேண்டாம் என்று வாயிற்காவலருக்கு வாய்மொழியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. எழுத்தில் எந்தத் தடையும் இல்லை. ஆகவே எதிர்த்து முறையிடவும் வழி இல்லை. இவரோ வேலிக்கு வெளியே நின்று ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, கோல் அடித்தவரின் பெயரை உள்ளே இருப்பவரிடம் போனில் கேட்டு எழுதுகிறார்.

பெரிய இடங்களில் நடப்பதும் இதிலிருந்து அதிகம் வேறுபட்டதல்ல. 2012-ல் இங்கிலாந்து அணி இந்தியாவுக்கு வந்தபோது, கெட்டி இமேஜஸ் உள்ளிட்ட புகைப்பட நிறுவனங்களுக்கு இந்தியக் கிரிக்கெட் வாரியம் அனுமதி மறுத்தது. அதைக் கண்டித்து ராய்ட்டர்ஸ், ஏபி, ஏஎஃப்பி ஆகிய செய்தி நிறுவனங்களும் அந்த டெஸ்ட் தொடரைப் புறக்கணித்தன. அந்தச் சண்டை படங்களுக்கானது, முந்திச் சொல்வதற்கானது அல்ல. ஆனால் வாயிற்கதவு யார் கையில் இருக்கிறதோ அவரே செய்தியின் உரிமையாளர் என்ற எண்ணம் இரண்டிலும் ஒன்றுதான். அறிவிப்பு என்பது இன்று விற்பனைச் சரக்காகவும் ஆகிவிட்டது. ஒரு வீரர் புதிய சட்டையோடு நிற்கும் காணொளியை முன்கூட்டியே எடுத்து, விளம்பரதாரரின் பெயரைப் பொறித்து, நேரம் குறித்து வைத்திருக்கும் ஓர் அணிக்கு, அதற்கு முந்தைய இரவில் ஒரு செய்தியாளர் ஒற்றை வரியில் விஷயத்தை உடைத்துவிடுவது வருமான இழப்பாகவே தெரியும். 

அமெரிக்கக் கூடைப்பந்துக் கழகமான என்பிஏவின் வீரர் தேர்வு நிகழ்ச்சியில் 2018-ல் நடந்தது இதற்குச் சுவையான சான்று. எந்த அணி எந்தப் புதிய வீரரை எடுக்கிறது என்பதைத் தொலைக்காட்சியில் அறிவிக்கும் முன் வெளியிடுவதில்லை என்று விளையாட்டுத் தொலைக்காட்சியான ஈஎஸ்பிஎன் முடிவு செய்திருந்தது; அங்கு பணியாற்றிய செய்தியாளர் ஏட்ரியன் வோஜ்னரோவ்ஸ்கியோ, இன்ன அணி இன்னாரை எடுக்கிறது என்று சொல்லாமல், அந்த அணியால் அவரை விட்டுவிட இயலாது என்கிற பாணியில் விதவிதமாகச் சுற்றி வளைத்து எழுதியே அன்றிரவு முழுவதும் பெயர்களைச் சொல்லி முடித்தார். விதியும் காக்கப்பட்டது, செய்தியும் போய்ச் சேர்ந்தது. நம்மூர்ச் சங்கங்கள் இத்தகைய உடன்பாட்டுக்குக்கூட வருவதில்லை. நேராகக் கதவை மூடிவிடுகின்றன.

இனி சேவையைப் பார்ப்போம். இதன் பெரிய பலம், ஒவ்வொரு செய்தியின் தலையிலும் இடப்படும் ஒற்றைச் சொல். 'பேச்சு' என்றிருந்தால் இரு தரப்பும் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன. 'முடிவு' என்றிருந்தால் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் ஒப்புக்கொண்டுவிட்டார், எழுத்தில் வரவில்லை. 'தாள்' என்றிருந்தால் அதிகாரபூர்வ அறிவிப்பு வந்தாயிற்று. அதற்குக் கீழே, இந்த முடிவை இனி மாற்றக்கூடியவர் யார் என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். மற்ற இடங்களில் செய்தியைப் பரபரப்பான குறிகளோடு படித்துப் பழகியவர்களுக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் 2023 நவம்பர் 26 அன்று வெளியான ஐபிஎல் தக்கவைப்புப் பட்டியலை நினைத்துப் பாருங்கள். ஹர்திக் பாண்டியா மும்பைக்குத் திரும்புகிறார் என்று செய்தியாளர்கள் அதற்கு முன்பே எழுதியிருந்தார்கள். பட்டியலிலோ அவர் குஜராத் டைட்டன்ஸ் அணியில் தக்கவைக்கப்பட்டவராக இருந்தார். மறுநாள் அவர் மும்பை இந்தியன்ஸுக்கு மாற்றப்பட்டது அதிகாரபூர்வமானது. தாளில் இருந்தது அந்த மாலைக்கு உண்மை, செய்தியாளர்கள் எழுதியது மறுநாளுக்கு உண்மை. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் கருவி வாசகரிடம் இல்லாததால்தான் அன்று அவ்வளவு குழப்பம்.

சஞ்சு சாம்சன் சென்னைக்கு வருவதும் ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போவதும் 2025 நவம்பர் 15 அன்று உறுதியாவதற்கு முன் பல நாட்கள் எங்கும் அதே பேச்சாக இருந்தது. தேநீர்க் கடைகளில் அது முடிந்துபோன விஷயமாகவே பேசப்பட்டது. இந்தச் சேவை கடைசிவரை அதற்குப் 'பேச்சு' என்றே தலைப்பிட்டு, அணிகள் ஒப்புக்கொண்டாலும் வீரர்களின் சம்மதம் இன்றி மாற்றம் நடக்காது என்பதை ஒவ்வொரு முறையும் கீழே எழுதியது. அந்த நிதானத்துக்கு நான் மதிப்பெண் கொடுப்பேன்.

உள்ளூர்க் கால்பந்துதான் சேவையின் உயிர். வட சென்னையில் ஓர் ஆட்டக்காரர் அணி மாறுகிறார் என்றால், பல நேரங்களில் அது விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் வேலை. ரயில்வே, வங்கி, சுங்கத்துறை என்று அலுவலக அணிகளுக்கு ஆடப்போய்ச் சம்பளக்காரர் ஆனவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. நியமன ஆணை கைக்கு வருவதற்கு முன் செய்தி வெளியானால், வேறு யாரேனும் ஆட்சேபம் எழுப்பலாம், சிபாரிசுகள் குறுக்கே வரலாம், ஆணை தாமதமாகலாம். ஐரோப்பியக் கால்பந்தில் முந்திய செய்தியால் ஒரு கழகத்துக்கு விலை கூடும், அவ்வளவுதான். இங்கே ஒரு குடும்பத்தின் அடுப்பு அதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. இதை உணர்ந்து, ஆணை வரும்வரை வேலை சார்ந்த அணி மாற்றங்களை ஆட்டக்காரரின் ஒப்புதல் இல்லாமல் வெளியிடுவதில்லை என்று இவர் விதி வைத்திருக்கிறார். 

முந்திய செய்தி உண்மையாகவே காரியத்தைக் கெடுத்ததற்குப் பெரிய இடத்திலும் சான்று உண்டு. 2020 நவம்பரில் கூடைப்பந்து வீரர் போக்டன் போக்டனோவிச்சை என்பிஏவின் மில்வாக்கி பக்ஸ் அணி வாங்கப்போவதாக, அத்தகைய பேச்சே தொடங்கக் கூடாத நாளில் செய்தி வந்துவிட்டது. என்பிஏ விசாரித்தது, பேரம் முறிந்தது, அவர் அட்லான்டா அணிக்குப் போனார், பக்ஸ் அணி 2022 வீரர் தேர்வின் இரண்டாம் சுற்றில் ஒரு புதிய வீரரை எடுக்கும் உரிமையை இழந்தது. விதியை மீறியது அணி, அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது செய்தி. அப்படியிருந்தும் கோபம் செய்தியாளர்மேல் திரும்புவதுதான் வழக்கம்.

தேர்வுப் பட்டியல் விஷயத்தில் சங்கத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை மறைப்பது சரியல்ல. தன் பெயர் நீக்கப்பட்டதைப் பயிற்சியாளர் வாயால் கேட்காமல், பக்கத்து வீட்டுப் பையனின் போனில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பதினேழு வயதுப் பிள்ளையின் நிலை பரிதாபமானது. சேவை இதற்காக இரண்டு கட்டுப்பாடுகளை வைத்துக்கொண்டிருக்கிறது: தேர்வானவர்களின் பெயர் மட்டுமே வரும், நீக்கப்பட்டவர்களின் பெயர் வராது; பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் பட்டியல் தாளாக வந்த பிறகே வரும். இரண்டாவது கட்டுப்பாடு முழுமையானது. முதலாவது அவ்வளவாகப் பயன்படாது, ஏனென்றால் இருபது பேரின் பெயரைச் சொன்னால் இருபத்தொன்றாவது ஆள் யார் என்பதை முல்லை நகரில் யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பயிற்சியாளர் பிள்ளைகளிடம் பேசி முடித்துவிட்டாரா என்று கேட்டு, அதன் பிறகு வெளியிட்டால் சேவைக்கு ஒரு மணி நேரம்தான் தாமதமாகும். இதை நான் அவரிடமே சொன்னேன். "அண்ணா, அந்த ஒரு மணி நேரத்துல பட்டியலை வேற எவனாவது ஸ்டேட்டஸ்ல வெச்சிடுவான்" என்றார். அது உண்மைதான், ஆனாலும் போதுமான பதிலாக எனக்குப் படவில்லை.

கிரிக்கெட் பகுதியில் குறைகள் தெளிவாகத் தெரிகின்றன. அங்கே இவருக்கென்று சொந்தத் தொடர்புகள் இல்லை; மற்றவர் எழுதியதைத் தமிழாக்கிப் போடுகிறார், சில சமயம் யார் எழுதியது என்பதைச் சொல்லாமலே. டெஸ்ட் கிரிக்கெட்டிலிருந்து விலக விரும்புவதாக விராட் கோலி வாரியத்திடம் தெரிவித்துவிட்டார் என்ற செய்தியை இந்தியன் எக்ஸ்பிரஸ் 2025 மே 10 அன்று வெளியிட்டது. அவர் அறிவித்தது மே 12 அன்று. அந்த இரண்டு நாள் முந்துதலுக்குப் பின்னால் ஒரு செய்தியாளரின் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. அதைப் பெயர் சொல்லாமல் எடுத்துப் போட்டுவிட்டு, சங்கம் தன்னை மதிக்கவில்லை என்று வருந்துவது பொருந்தவில்லை.

திருத்தம் வெளியிடும் முறையும் சீராக வேண்டும். 2025 ஜூலையில், இந்திய ஆண்கள் கால்பந்து அணியின் பயிற்சியாளர் பதவிக்கு ஸ்பெயினின் புகழ்பெற்ற முன்னாள் வீரர் சாவி ஹெர்னாண்டஸ் மின்னஞ்சலில் விண்ணப்பித்திருக்கிறார் என்ற செய்தி, இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் பொறுப்பாளர் ஒருவரே உறுதி செய்ததாக வெளிவந்து, மறுநாள் அந்த மின்னஞ்சல் போலியானது என்று அதே கூட்டமைப்பு அறிவித்தது நினைவிருக்கலாம். அதிகாரபூர்வ வாய் சொன்னால் அது உண்மை என்ற நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய அடி விழ முடியாது. சேவை அதை 'முடிவு' என்று போடவில்லை என்பது நல்லது. ஆனால் திருத்தம் தனிச் செய்தியாக, நள்ளிரவுக்குப் பிறகு வந்தது. முதல் செய்தி அப்படியே கிடந்தது. வாட்ஸப்பில் அனுப்பிய செய்தியைப் பதினைந்து நிமிடத்துக்குள்தான் திருத்த முடியும் என்பது அவருடைய விளக்கம். பழைய செய்தியை மேற்கோளாக இழுத்து அதன் கீழேயே திருத்தத்தை எழுதுவதற்கு அந்த வரம்பு தடையில்லையே.

ஒரு சிறு தொழில்நுட்பக் குறிப்பு. செய்திகள் ஒலிபரப்புப் பட்டியல் வழியாக வருவதால், அவருடைய எண்ணை உங்கள் போனில் சேமித்தால்தான் வரும். சந்தா கட்டிவிட்டு எதுவும் வரவில்லை என்று கோபப்படுபவர்களில் பாதிப் பேர் சேமிக்காதவர்கள். ஒரு பட்டியலில் 256 பேர்தான் அடங்குவர் என்பதால், முதல் பட்டியலுக்குப் போன செய்தி கடைசிப் பட்டியலுக்குச் சற்றுத் தாமதமாக வரும். முந்தித் தருவதற்குக் காசு வாங்கும் சேவையில் இது வேடிக்கையான நிலைமை. குரல் பதிவுகளைத் தவிர்க்கலாம். மிக நீளம், பின்னணியில் எப்போதும் ஒரு பிரஷர் குக்கர்.

இவ்வளவு முந்துதலுக்கு நடுவிலும், யாரும் உடைக்காத செய்திகள்தான் நம் ஊரில் பெரிதாகப் பேசப்பட்டன என்பதையும் சொல்ல வேண்டும். 2020 ஆகஸ்ட் 15 மாலை தோனி இன்ஸ்டாகிராமில் தானே ஓய்வை அறிவித்தார். 2024 மார்ச் 21 அன்று, சேப்பாக்கத்தில் முதல் ஆட்டத்துக்கு முந்தைய நாள், ஐபிஎல் கணக்கில் வந்த அணித் தலைவர்களின் படத்தில் ருதுராஜ் கெய்க்வாட் நிற்பதைப் பார்த்துத்தான் சென்னை ரசிகர்கள் பலர் தலைமை மாறியதை அறிந்தார்கள். செய்தியாளர் முந்தாத இடத்தில் அமைப்பே தன் படத்தால் முந்திக்கொண்டது. அன்று யாருடைய அனுமதி அட்டையும் பறிக்கப்படவில்லை.

கிரிக்கெட்டுக்காக மட்டும் இதை வாங்க நினைப்பவர்களுக்கு 49 ரூபாய் வீண். அதே செய்திகள் இலவசமாகவே, எழுதியவரின் பெயரோடு கிடைக்கின்றன. உள்ளூர் லீக் பார்ப்பவர்கள், பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர், வேலைக்காக ஆடிக்கொண்டிருக்கும் இளைஞர்கள் ஆகியோர் தயங்காமல் சேரலாம். தேதி மாற்றச் செய்தி ஒன்றுக்காகவே அது தகும், ஏனென்றால் ஆட்டம் தள்ளிப்போனது தெரியாமல் எண்ணூரிலிருந்து பஸ் ஏறி நேரு ஸ்டேடியம் வரை வந்து திரும்பும் அலைச்சல் மிச்சம். மூன்று மாதச் சந்தாவைச் சேர்த்துக் கட்டச் சொல்வார்; மாதம் மாதம் கட்டுவதே இப்போதைக்கு நல்லது. அடுத்த லீக்கிலும் மைதானத்துக்குள் விடவில்லை என்றால் கட்டணத்தை 29 ரூபாயாகக் குறைத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.