எடைக்குறைப்பு அறுவை: மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு

எடை இறங்கும் மகிழ்ச்சியிலேயே முதல் ஆண்டு ஓடிவிடும். கவனம் தளர்வது அதற்குப் பிறகுதான். குறைபாடுகள் தலைகாட்டுவதும் அப்போதுதான்.

முதலில் வைட்டமின் பி12. கல்லீரலில் இதன் இருப்பு சில ஆண்டுகளுக்குத் தாங்கும். அதனால் முதல் ஆண்டு ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாகவே தெரியும். "ரிப்போர்ட் நல்லா இருக்கு" என்று மாத்திரையை விட்டவர்களுக்குப் பிறகுதான் கால் மரத்துப்போகும், மறதி வரும். பைபாஸ் (இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலோடு இணைப்பது), ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி நீக்குவது) இரண்டு அறுவையிலுமே இந்த ஆபத்து உண்டு, பைபாஸில் அதிகம். சைவ உணவுக்காரர்களும் நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களும் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். அந்த மருந்தும் பி12ஐக் குறைக்கும். மாத்திரை வாழ்நாள் முழுவதும், பரிசோதனை ஆண்டுக்கு ஒருமுறை. இதில் சமரசமே கூடாது.

இரும்புச்சத்தையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்கினால் இரும்பு சரியாக உடலில் சேராது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியத்தில் சிட்ரேட் வகையே நல்லது. கார்பனேட் கரைய அமிலம் வேண்டும், சுருங்கிய இரைப்பையில் அது குறைவு. நாளுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம், ஒரு வேளைக்கு 600க்கு மேல் வேண்டாம். இரும்பு மாத்திரையோடு தேநீரோ காப்பியோ குடிக்காதீர்கள்.

உணவங்காடி நிலையத்தில் பெரிய சிக்கல் புரோட்டாதான். மாவுப் பண்டம் உருண்டையாகி நெஞ்சில் அடைக்கும். முறுக்கு, மிக்சர் அப்படியில்லை. மென்றதும் கரைந்து சுலபமாக இறங்கிவிடும், வயிறு நிறைந்ததே தெரியாது. எடை திரும்ப ஏறுபவர்களிடம் அடிக்கடி காணும் வழி இது. தினமும் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை. இரண்டு இட்லியில் கிடைப்பது ஏறத்தாழ 4 கிராம், ஒரு முட்டையில் 6. புரட்டாசியில் சைவத்துக்கு மாறுபவர்கள் சோயாவில் செய்யும் தௌக்வா, தெம்பேயை நம்பலாம். தட்டில் முதலில் புரதம், கடைசியில் சோறு. சாப்பிட்ட பிறகு தண்ணீர் குடிக்க அரை மணி நேரம் பொறுங்கள்.

சீனியும் கெட்டிப்பாலும் சேர்ந்த தே, பைபாஸ் செய்தவர்களுக்குப் பத்து முதல் முப்பது நிமிடத்தில் படபடப்பையும் வயிற்றுப்போக்கையும் தரலாம். ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து நடுக்கம், வியர்வை வந்தால் அது ரத்தச் சர்க்கரை திடீரென இறங்குவதாக இருக்கலாம். பாலும் சீனியும் சேராத தே ஓ கொசோங் பாதுகாப்பானது.

மூட்டுவலிக்கு ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம். பைபாஸ் இணைப்பில் புண் வரலாம். பலதுறை மருந்தகத்திலும் மருந்துக்கடையிலும் அறுவை செய்ததை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வாந்தி நாள்கணக்கில் நிற்காவிட்டால் தாமதிக்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வைட்டமின் பி1 வற்றிய உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். பி1 ஊசி முதலில் வேண்டுமா என்று அங்கேயே கேளுங்கள்.