ஒரே பெயரில் எத்தனை பேர்: பெருக்கிப் பார்ப்பதா, எண்ணிப் பார்ப்பதா?

போன வருடம் என் மாமாவின் கடன் அறிக்கையில் அவர் வாங்கவே வாங்காத ஒரு டிராக்டர் கடன் ஏறியிருந்தது. மாமா பெயர் இசக்கிமுத்து, அவர் அப்பா சுடலைமுத்து, ஊர் திருநெல்வேலிப் பக்கம். கடன் வாங்கியவரும் சு. இசக்கிமுத்துதான், ஆனால் வேறு ஆள். அதைச் சரிசெய்ய அவரோடு அலைந்தபோது, "இனிஷியலோட சேர்த்து இதே பேரு இன்னொருத்தருக்கு இருக்குமா சார்?" என்று கவுண்டரில் இருந்தவர் கேட்டார். இருக்கும் என்று மாமா சொன்னார். எத்தனை பேருக்கு என்று எங்கள் இருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்வி மனதில் நின்றுவிட்டது. மூன்று விதமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் வாக்காளர் பட்டியலை எண்ணும் வழியைத்தான் பிடித்துக்கொண்டேன்.

முதல் வழி, முகநூலில் தேடுவது. அதை இரண்டு வரியில் முடித்துவிடலாம். ஐம்பது வயதைத் தாண்டிய பலர் அங்கே கிடையாது, இருப்பவர்களும் இனிஷியல் போடுவதில்லை, ஒருவரே மூன்று கணக்கு வைத்திருப்பார். அந்தப் பெயர் உலகத்தில் இருக்கிறது என்பதைத் தவிர வேறெதுவும் அதிலிருந்து தெரியாது.

அடுத்தது பெருக்கல். நூறு பேரில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர், எத்தனை பேருக்கு இந்த அப்பா பெயர் என்று பார்த்து, இரண்டு விகிதங்களையும் பெருக்கி, மக்கள்தொகையாலும் பெருக்க வேண்டும். அமெரிக்காவில் இது சுலபம். நூறு பேராவது வைத்திருக்கும் குடும்பப் பெயர்களை அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையே எண்ணிக்கையோடு வெளியிடுகிறது. ஒரு வருடத்தில் ஐந்து குழந்தைகளுக்காவது வைக்கப்பட்ட முதற்பெயர்களைச் சமூகப் பாதுகாப்புத் துறை வெளியிடுகிறது. இரண்டையும் பெருக்கினால் விடை வந்துவிடும். ஆனால் அந்த விடையும் கார்சியா என்ற ஸ்பானியக் குடும்பப் பெயரோடு ஹோசே என்ற ஸ்பானிய முதற்பெயர் எவ்வளவு சேரும், ஷ்மிட் என்ற ஜெர்மன் பெயரோடு எவ்வளவு சேரும் என்பதைப் பார்ப்பதில்லை.

நம் ஊரில் இந்த வழி சறுக்குவதும் இங்கேதான். அப்பா பெயருக்கும் பிள்ளை பெயருக்கும் சம்பந்தம் இல்லை என்று வைத்துக்கொண்டால்தான் பெருக்கலாம். நம் பெயர்களிலோ அந்தச் சம்பந்தம் ஊரிலேயே இருக்கிறது. இசக்கியம்மனும் சுடலைமாடனும் தென்மாவட்டத்துச் சாமிகள். அப்பா சுடலைமுத்துவாக இருக்கும் தெருவில்தான் பிள்ளை இசக்கிமுத்துவாகவும் இருப்பான்.

கணக்கு புரிவதற்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம். மாநிலத்தில் 6 கோடி வாக்காளர்கள், 2,000 பேரில் ஒருவர் இசக்கிமுத்து, அதே மாதிரி 2,000 பேரில் ஒருவருக்கு அப்பா சுடலைமுத்து. பெருக்கினால் மாநிலம் முழுக்க 15 பேர் வருகிறார்கள். ஆனால் இந்த இரண்டு பெயர்களும் 30 லட்சம் வாக்காளர்கள் உள்ள ஒரே வட்டாரத்தில்தான் என்றால், அங்கே ஒவ்வொரு பெயரும் 100 பேரில் ஒருவருக்கு இருக்கும். இப்போது பெருக்கினால் 300 பேர். பெயர்களின் எண்ணிக்கை மாறவில்லை, அவை எங்கே குவிந்திருக்கின்றன என்பது மட்டும்தான் மாறியது. அதற்கே விடை இருபது மடங்காகிவிட்டது!

இது ஏட்டுக் கணக்கு என்று தோன்றினால் 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரம் தொகுதியை நினைத்துப் பாருங்கள். முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றார், அதே பெயரோடும் இனிஷியலோடும் இன்னும் சிலர் நின்றார்கள். ஆங்கில 'O' எழுத்தில் தொடங்கும் அப்பா பெயர் மாநில அளவில் அபூர்வம். ஆனால் ஒச்சாண்டம்மனைக் கும்பிடும் உசிலம்பட்டிப் பக்கம் ஒச்சப்பனும் ஒச்சாத்தேவரும் சாதாரணமான பெயர்கள். மாநில விகிதத்தைப் பெருக்கிப் பார்ப்பவர் இந்தக் குவியலைத் தவறவிட்டுவிடுவார். (பெயர்க் குழப்பத்துக்காகவே 2015 முதல் வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளர் படத்தையும் ஒட்டுகிறார்கள்.)

இடத்தைப் போலத்தான் காலமும். செந்தில்குமார், சுரேஷ்குமார் எல்லாம் ஒரு தலைமுறைப் பெயர்கள். அந்தத் தலைமுறையின் அப்பாக்களுக்கும் அவர்கள் காலத்துப் பெயர்கள் இருக்கும், எல்லா வயதையும் கலந்து விகிதம் எடுத்தால் அதுவும் தப்பாகிவிடும்.

அதனால்தான் வாக்காளர் பட்டியல். ஒவ்வொரு பாகத்திலும் (ஒரு வாக்குச்சாவடிக்கான பட்டியல்தான் ஒரு பாகம்) ஏறக்குறைய ஆயிரம் பேர், பக்கத்துக்கு முப்பது கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது. அப்பா பெயர் முழுசாக இருப்பதுதான் இதில் பெரிய வசதி. வங்கிப் பதிவில் வெறும் 'எஸ்' என்று இருந்தால் அது சண்முகமா, சுடலைமுத்துவா, செல்லையாவா, ஸ்ரீனிவாசனா என்று தெரியாது. தமிழில் 'சு' என்று எழுதும்போதே பாதிப் பேர் விலகிவிடுகிறார்கள், முழுப்பெயர் இருந்தால் சந்தேகமே இல்லை.

மாநிலம் முழுக்கச் சிதறலாகப் பாகங்களை எடுக்காமல், பெயர் புழங்கும் வட்டாரத்தில் எடுக்க வேண்டும். மேலே சொன்ன எண்களையே வைத்துக்கொண்டால் வட்டாரத்தில் 30 பாகம், அதாவது 30,000 பேரைப் பார்த்தால் சராசரியாக மூன்று பேர் சிக்குவார்கள். அதே அளவு மாநிலம் முழுக்கப் பார்த்தால் ஒருவர்கூடச் சிக்காமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். அந்த முப்பது பாகத்தையும் ஒரே ஊரில் எடுத்துவிடக் கூடாது. ஒரு ஊர் என்றால் பாதிப் பேர் பங்காளிகள், தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கமும் உண்டு, அங்கே ஆயிரம் பெயரைப் பார்த்தாலும் பத்துக் குடும்பத்தைப் பார்த்த மாதிரிதான்.

இதன் குறையையும் சொல்லிவிடுகிறேன். மூன்று பேர் சிக்கினார்கள் என்பதற்காக 300 என்று அடித்துச் சொல்ல முடியாது. மூன்று என்ற சின்ன எண்ணிக்கைக்கு, 95 சதவீத உறுதியோடு சொன்னால், உண்மை 60-லிருந்து 880 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ஒருவரும் சிக்காவிட்டால் பூஜ்ஜியம் என்றும் ஆகாது. புள்ளியியலில் இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு: பார்த்த எண்ணிக்கையால் மூன்றை வகுத்தால் விகிதத்தின் மேல் எல்லை கிடைக்கும், அப்போதும் 30 லட்சத்தில் 300 பேர் வரை இருக்க இடமுண்டு.

ஆகவே பெருக்கலை நான் முழுசாகத் தூக்கிப்போடவில்லை. அதே முப்பது பாகத்தில் இசக்கிமுத்துகள் தனியாக முந்நூறு பேர், சுடலைமுத்துவின் பிள்ளைகள் தனியாக முந்நூறு பேர் கிடைப்பார்கள், அந்த இரண்டு விகிதமும் அவ்வளவாக ஆடாது. வட்டாரத்துக்குள் அவற்றைப் பெருக்கி, எண்ணியதோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கலாம். ஒத்துப்போகாவிட்டால் எண்ணியதைத்தான் நம்புவேன்.

பட்டியல் படமாக வருவதால் தேடும் வசதி கிடையாது, கண்ணால்தான் படிக்க வேண்டும், ஒரு பாகத்துக்கு அரைமணி நேரம் ஆகிறது. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் அதில் வரமாட்டார்கள், இறந்தவர்கள் சிலர் இன்னும் இருப்பார்கள். பெண்களின் பெயரை வைத்து நான் செய்து பார்க்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு பட்டியலில் கணவர் பெயர் ஏறிவிடுகிறது, பள்ளிச் சான்றிதழில் அப்பா இனிஷியலே இருக்கும், எதை எண்ணுவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். சென்னைக்கும் கோவைக்கும் பிழைக்கப் போனவர்களையும் நான் சேர்க்கவில்லை, என் விடை கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். சரி, மாமா இப்போது எந்த விண்ணப்பத்திலும் இனிஷியல் போடுவதில்லை, சுடலைமுத்து என்று முழுசாக எழுதிப் பக்கத்திலேயே பிறந்த தேதியையும் போடுகிறார்.