நெருஞ்சி ஸ்டீரால்: குழாய் வண்ணப்பிரிகையா, மறுபடிகமாக்கலா?

பென்னாகரம் பக்கத்து மானாவாரிக் காடுகளில் நெருஞ்சிக்குப் பஞ்சமில்லை. தருமபுரியில் எம்.எஸ்சி. செயல்திட்டத்துக்கு அதை எடுத்து, ஸ்டீராலை (கொலஸ்டிராலை ஒத்த தாவரச் சேர்மம்) பிரிக்க முயல்பவர்கள் ஹெக்சேன் கரைப்பானில் சாற்றை வடித்ததும் கேட்பது இதைத்தான்: சிலிக்காத் தூள் நிரப்பிய குழாயில் ஊற்றிப் பிரிப்பதா, நேரே மெத்தனாலில் படிகமாக்குவதா?

மறுபடிகமாக்கல் மலிவு. சூடான மெத்தனாலில் கரைத்து, அசைக்காமல் மெல்ல ஆறவிட்டால் வெள்ளை ஊசிகள் இறங்கும். ஆனால் பச்சையமும் மெழுகும் நிறைந்த பச்சைப் பிசினில் இது எடுபடாது.

அங்கேதான் குழாய் ஜெயிக்கிறது. முதலில் ஆல்கஹால் கலந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கொதிக்கவைத்துக் கொழுப்பைச் சோப்பாக்கிவிடுங்கள். சோப்பாகாமல் நிற்கும் பகுதியில்தான் ஸ்டீரால் இருக்கும். அதை ஏற்றி, ஹெக்சேனில் தொடங்கி எத்தில் அசிட்டேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கரைப்பான் நிறையச் செலவாகும், பொறுமையும் வேண்டும். நம்மூர் சித்திரை வெயிலில் குழாய் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்தால் சிலிக்காவில் விரிசல் விழுந்து பிரிப்பு கெட்டுவிடும். என்னைக் கேட்டால் முதலில் குழாய், அப்புறம் படிகம்.

சரி, மெல்லடுக்குத் தகட்டில் (தூய்மை பார்க்கும் சிலிக்கா பூசிய தகடு) ஒரே புள்ளி வந்தால் தூய பொருளா? அவசரப்படாதீர்கள். பீட்டா-சிட்டோஸ்டீரால், ஸ்டிக்மாஸ்டீரால் என்ற இரண்டு தாவர ஸ்டீரால்களுக்கும் வித்தியாசம் பக்கச் சங்கிலியில் ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு. சாதாரண சிலிக்காவில் இரண்டும் ஒன்றாகவே நகரும், படிகத்திலும் சேர்ந்தே இறங்கும். உருகுநிலையைப் பாருங்கள்: முன்னது சுமார் 140°செ., பின்னது சுமார் 170°செ. இடையில் இழுத்து இழுத்து உருகினால் கலவைதான். பிரிக்க வெள்ளி நைட்ரேட் ஏற்றிய சிலிக்கா உதவும். அந்தக் குழாயைக் கறுப்புத் தாளால் சுற்றிவையுங்கள், வெளிச்சம் பட்டால் வெள்ளி கறுத்துவிடும்.